போட்டுப் பார்க்கும் உரிமை

(நன்னிலத்தில் இளைஞர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முனைவர் பட்ட ஆய்வாளர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அதை நம்பிச் சில தோழர்கள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் இன்று துணிமணி பற்றித்தான் பேசப் போகிறேன்.

இப்போது நான் போட்டிருக்கும் குர்தியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு டிசைனரின் இன்ஸ்டாகிராம் படத்தைப் பார்த்து, எங்கள் தெருவில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காவிடம் காட்டித் தைத்தது. துணியும் தையற்கூலியும் சேர்த்து 550 ரூபாய். படத்தில் இருந்ததற்கு ஐந்து இலக்கத்தில் விலை. அக்கா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கழுத்துல கேன்வாஸ் வச்சிருக்கான், கையில ரெண்டு ஃப்ரில், அவ்வளவுதானே" என்றார். மூன்றாம் நாள் தந்துவிட்டார்.

போன பொங்கலுக்கு என் சித்தி மகள் இதே மாதிரி ஒன்று தைத்துக்கொண்டாள். திருவாரூரில் கல்லூரியில் படிக்கிறாள். கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "அக்கா, இதப் போட்டுக்கிட்டுப் போனா நம்ம தெருன்னு தெரியாதுல்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. "அழகா இருக்குடி" என்று மட்டும் சொன்னேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

என் அப்பாயி இந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் நடவு நட்டவர். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஆட்களின் வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது, பெண்கள் ரவிக்கை போடக் கூடாது என்று சொல்லுவார். சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த தஞ்சைத் தரணி இது. செங்கொடிச் சங்கம் வந்து, 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததை நாம் கூலிக்கும் சாகுபடிக்கும் நடந்த போராட்டமாகவே படிக்கிறோம். எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு நினைவு உண்டு. தாத்தா முதன்முதலாகச் சட்டை தைத்துக்கொண்டது சங்கக் கூட்டத்துக்குப் போவதற்காகத்தான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள்மீது கள்ளர்கள் 8 தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் தன் நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. எட்டில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உடுத்துவதும் அலங்கரித்துக்கொள்வதும் பற்றியவை. அடுத்த ஆண்டு இந்த எட்டு, பதினொன்றாக ஆனது.

தெற்கே திருவிதாங்கூரில் தோள்சீலைப் போராட்டம் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதன் முடிவில் 1859 ஜூலையில் வந்த அரச பிரகடனத்தை எத்தனை பேர் கவனமாகப் படித்திருக்கிறோம்? நாடார் பெண்கள் மேலுடம்பை மூடிக்கொள்ளலாம் என்று அது அனுமதித்தது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது: உயர்சாதிப் பெண்கள் மூடும் விதத்தில் மூடக் கூடாது. அதாவது, மறைத்துக்கொள், பரவாயில்லை, அவர்களைப் போல் மட்டும் இருக்காதே. அரசருக்குத் துணி பிரச்சினையாக இல்லை. ஒருவரைப் பார்த்தால் இன்னொருவர் போலத் தெரிவதுதான் பிரச்சினையாக இருந்தது.

இன்றைய மொழியில் சொன்னால், காப்பி அடிக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டம். அதனால் யாராவது என் குர்தியைப் பார்த்து "இது காப்பிதானே" என்று இளக்காரமாகக் கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை, அந்தப் பிரகடனம்தான் நினைவுக்கு வருகிறது.

அது பழைய காலம் என்று சொல்லாதீர்கள். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என மூன்று குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதற்குப் பிறகு பாமக நிறுவனர் ராமதாஸ் சொன்ன காரணங்களில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் இருந்தன. தலித் இளைஞர்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்களாம். முன்னூறு ரூபாய் ஜீன்ஸுக்கு இவ்வளவு அரசியல் பலம் இருப்பது நமக்கே அப்போதுதான் தெரிந்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. பிளஸ் டூ முடித்த வருடம், கல்லூரிக்குப் போட இரண்டு சுடிதார் எடுக்க அம்மாவும் நானும் பக்கத்து நகரத்தில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் போனோம். பொம்மைக்குப் போட்டிருந்ததை நான் தொட்டுப் பார்த்தேன். கடைக்காரப் பெண் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அது வெல ஜாஸ்தி. வாங்குறதா இருந்தா மட்டும் போட்டுப் பாருங்க" என்றார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "போட்டுப் பாக்குறதுக்குக்கூட வெலையா?"

அன்றைக்கு அந்தக் கடையில் எங்கள் சாதியை யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. அம்மாவின் சேலை, என் செருப்பு, எங்கள் நிறம் எல்லாவற்றையும் கூட்டி அந்தப் பெண்ணே கணக்குப் போட்டுவிட்டார். அவரும் ஏழைக் குடும்பத்துப் பெண்ணாகத்தான் இருந்திருப்பார். நம்மை அளக்கும் வேலைக்குத்தான் அவருக்குச் சம்பளம்.

முற்போக்கு வட்டத்துக்கு வந்த பிறகு வேறு ஒரு குரலைக் கேட்டேன். எளிமையாக இருங்கள், கதர் போடுங்கள், அலங்காரம் நுகர்வுப் பண்பாடு என்று நல்ல எண்ணத்தோடு சொல்வார்கள். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அதை மதிப்பவர்கள் மதிக்கட்டும். ஆனால் களைவதற்கு அவரிடம் ஒரு மேலாடை இருந்தது. என் தாத்தாவுக்கு அது போராடிக் கிடைத்தது. அதனால்தான் அம்பேத்கர் கோட்டும் டையும் போட்டார். சிலை வைத்தாலும் அந்த நீலக் கோட்டோடுதான் வைக்கிறோம். 1927 டிசம்பரில் மகாடில், மனுஸ்மிருதியை எரித்த அந்த மாநாட்டின்போது, அவர் பெண்களைப் பார்த்துத் தனியாகவே பேசினார். நீங்கள் சேலை கட்டும் விதமே உங்களைத் தீண்டத்தகாதவர் என்று காட்டிக்கொடுக்கிறது, அந்த அடையாளத்தை அழியுங்கள், மற்றவர்கள் கட்டுவது போலக் கட்டுங்கள் என்பது அதன் சாரம். பெரியாரும் பெண்கள் தலைமுடியை வெட்டிக்கொள்வதையும் ஆண்களைப் போல உடுத்துவதையும் விடாமல் பேசினார். நம் இரண்டு தலைவர்களும் உடுப்பை அற்ப விஷயமாக நினைக்கவில்லை.

சரி, கருத்து போதும். கையில் காசு இல்லாமல் எப்படி நன்றாக உடுத்துவது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் அன்றாடம் புழங்குவது எட்டு உருப்படி. ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு ஜீன்ஸ், ஒரு கறுப்புப் பலாசோ, மூன்று குர்தி, இரண்டு காட்டன் சேலை. வெள்ளைச் சட்டை ஜீன்ஸுக்கும் ஆகும், பலாசோவுக்கும் ஆகும். சேலைக்கு ரவிக்கைக்குப் பதிலாகவும் அதையே போடுகிறேன். ரவிக்கை போடக் கூடாது என்று தடுக்கப்பட்டவரின் பேத்தி, சேலைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ரெடிமேட் எடுக்கும்போது தோள்பட்டையை முதலில் பாருங்கள். ஷோல்டர் சரியாக உட்கார்ந்தால் 300 ரூபாய் குர்தியும் எடுப்பாக இருக்கும். தொங்கினால் 3,000 ரூபாய் குர்தியும் இரவல் வாங்கினது போல இருக்கும். இடுப்பைப் பிடிப்பதும் கையைக் குறைப்பதும் டைலருக்கு அரைமணி நேர வேலை. அடுத்து, துணியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் ஒழுங்காக இருக்கிறதா, பிறகு பிரித்துத் தைக்கத் துணி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். சித்திரை வெயிலில் பேரளத்திலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்குப் பாலியெஸ்டர் ஆகாது, எவ்வளவு மினுமினுத்தாலும் விட்டுவிடுங்கள்.

வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். அம்மாவிடம் ஒரு சின்னாளப்பட்டு இருந்தது. அசல் பட்டு வாங்க முடியாத வீடுகளுக்குத் திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளப்பட்டி நெய்து கொடுத்த செயற்கைப் பட்டு அது. கூறைநாட்டையும் திருபுவனத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கல்யாணங்கள் சின்னாளப்பட்டில்தான் நடந்தன. டிசைனர் காப்பி என்பது நம் தலைமுறை கண்டுபிடித்தது இல்லை தோழர்களே. அந்தச் சேலையை அனார்கலியாகத் தைத்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் போட்டுப் பார்த்தார்.

அடுத்தது கைலி. நம் அப்பாக்கள் வயலில் கட்டும் கட்டம் போட்ட கைலித் துணி இரண்டு மீட்டர், முட்டிவரைக்கும் வரும் குர்திக்குப் போதும். இதே மெட்ராஸ் கட்டம் 1950களின் கடைசியில் அமெரிக்காவில் பெரிய நாகரிகமானது. துவைத்தால் சாயம் போயிற்று. அதையே ஒரு பெருமையாக்கி, சாயம் கரையும் என்பதற்கு உத்தரவாதம் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். 2018இல் ஸாரா நிறுவனம் கைலி போலவே இருந்த ஒரு பாவாடையை இங்கிலாந்தில் ஏறக்குறைய 70 பவுண்டுக்கு விற்றது. 2025 ஜூனில் மிலான் நகரத்து மேடையில் பிராடா காட்டிய செருப்பு அப்படியே கோலாப்பூர் செருப்பு. தலைமுறை தலைமுறையாக அதைச் செய்து வருகிறவர்களில் பெரும்பாலோர் தோல் தொழில் செய்யும் தலித் மக்கள். 2019லேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்தச் செருப்பு இந்தியக் கைவினையிலிருந்து வந்தது என்று பிராடா ஒப்புக்கொண்டது. செருப்பு போட்டுக்கொண்டு ஊர்த் தெருவில் நடந்ததற்காக அடிவாங்கியவர்களின் கைவேலை அங்கே ஆடம்பரப் பொருள். அவர்கள் நம்மைப் பார்த்துச் செய்தால் அதற்குப் பெயர் இன்ஸ்பிரேஷன், நாம் அவர்களைப் பார்த்துத் தைத்தால் டூப்ளிகேட்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையாக இல்லை. மலிவான உடுப்பு ஏன் மலிவு? தையல் அக்காவின் கூலியைக் கேட்டு, பேரம் பேசாமல் கொடுத்துவிட முடியும். கடையில் தொங்கும் 199 ரூபாய் டாப்ஸைத் தைத்தது யார்? நம் தெருக்களிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் போன பெண்கள்தான். கல்யாணத்துக்குப் பணம் என்று ஆசைகாட்டி மூன்று வருடம் மில்லுக்குள் அடைத்துவைத்த சுமங்கலித் திட்டம் நமக்குத் தெரிந்த கதை. 2021 ஜனவரியில், எச் அண்ட் எம் நிறுவனத்துக்குத் தைத்துக்கொடுத்த திண்டுக்கல் மாவட்டத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பாலியல் வன்முறையையும் சாதி அடிப்படையிலான வன்முறையையும் தொழிற்கூடத்தில் ஒழிப்பது அதன் நோக்கம். நம்மைப் போன்ற பெண்கள் சங்கம் வைத்துப் பெற்றது அது.

அதனால் மலிவுத் துணியை வாங்காதே என்று நான் சொல்ல மாட்டேன். அந்த அறிவுரையை முதலில் கேட்க வேண்டியவர்கள் அலமாரி நிறைய வைத்திருப்பவர்கள். நான் கேட்பது இரண்டுதான். வாங்கியதை நாலு வருடம் போடுங்கள், கிழிந்தால் தைத்துப் போடுங்கள். தைத்தவர்கள் சங்கம் வைத்துத் தெருவுக்கு வரும்போது, அந்த உடுப்போடே போய் அவர்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

இனி என் தங்கைக்கான பதில்.

நம்ம தெருன்னு தெரியாதுல்ல என்று கேட்டாயே, தெரியாமல் இருப்பதற்காக உடுத்துவது தப்பில்லை. பஸ்ஸில் ஒரு மணிநேரம் யாரும் அளக்காமல் உட்கார்ந்து வர நீ ஆசைப்பட்டால் அதற்காக உன்னைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அம்பேத்கர் மகாடில் சொன்னதும் அதுதான். ஆனால் ஒன்று. எவ்வளவு நன்றாக உடுத்தினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஊர் பேரைக் கேட்பார்கள், தெருப் பேரைக் கேட்பார்கள். அன்றைக்கு நீ உடுத்தியது வீண் என்று நினைக்காதே. அளப்பவன் கண்ணில்தான் கோளாறு, உன் குர்தியில் இல்லை. நம்ம தெருப் பெண் நன்றாக உடுத்துவாள் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

அவளும் இன்று வந்திருக்கிறாள், பின்வரிசையில். அந்தக் குர்தியைத்தான் போட்டிருக்கிறாள். யார் தைத்தது என்று கேளுங்கள், அக்காவின் நம்பர் தருவாள்.