மீன் தீவனத்தில் மருந்து



கோதாவரி ஆற்றின் கழிமுகப் பகுதியில் பீமவரம் என்றோர் ஊர் உண்டு. இன்று அவ்வூரைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மீன் குளங்களும் இறால் குளங்களுமாகக் காணப்படும். பழைய சென்னை மாகாணத்தில் இருந்த அந்த ஊரில் 1895-இல் பிறந்தவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்கா சென்று, லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார். அவர் அப்பொறுப்பில் இருந்த காலத்தில்தான் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் அறிஞர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆரியோமைசின் என்ற மஞ்சள் நிற மருந்தைப் பிரித்தெடுத்தார். 1948-இல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். டெட்ராசைக்ளின் என்னும் மருந்துக் குடும்பத்தில் அதுவே மூத்த பிள்ளை. அக்குடும்பம் ஒரு நாள் மீன் குளங்களுக்குள்ளும் நுழையும் என்று அன்று யார் எண்ணியிருப்பார்?

நுழைந்த வழி விந்தையானது. அதே நிறுவனத்தில் ஜூக்ஸ், ஸ்டாக்ஸ்டட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளின் வளர்ச்சிக்கு வேண்டிய பி12 என்ற உயிர்ச்சத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் எடுத்தபின் எஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குத் தீனியில் கலந்து கொடுத்தனர். உயிர்ச்சத்தினால் மட்டும் விளையக்கூடியதைக் காட்டிலும் குஞ்சுகள் மிகுதியாக வளர்ந்தன. சக்கையில் தங்கியிருந்த மருந்துதான் அதற்குக் காரணம் எனத் தெரிந்து, 1950-இல் செய்தி வெளியாயிற்று. சில ஆண்டுகளுக்குள் கோழி, பன்றி, கன்று ஆகிய எல்லாவற்றின் தீவனத்திலும் மருந்து சிறு அளவில் கலக்கப்பட்டது. கோழிக்கு நன்மை தருவது மீனுக்கும் நன்மை தராதா என்ற கேள்வி அடுத்து எழுந்தது இயல்பே.

விடை அவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை. சில சோதனைகளில் மீன்கள் சற்றே எடை கூடின. சிலவற்றில் வேறுபாடே இல்லை. சிலவற்றில் வளர்ச்சி குன்றியது. காரணத்தைச் சிந்தித்துப் பாருங்கள். கோழி உண்ட மருந்து கோழியின் குடலில் வேலை செய்கிறது. மீனோ, தான் உண்ணும் உணவையும் கழிக்கும் கழிவையும் சுவாசிக்கும் மூச்சையும் ஒரே நீரில் வைத்து வாழும் பிராணி. டெட்ராசைக்ளின் வகை மருந்து சுண்ணச் சத்தோடும் மக்னீசியத்தோடும் எளிதில் பிணைந்துகொள்ளும். அவ்வாறு பிணைந்தபின் உடலில் ஏறுவது கடினம். கடல் நீரில் இவ்விரண்டும் நிறைந்துள்ளன. நன்னீரில் வாழும் கெண்டையின் குடலும் இம்மருந்தை மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. எஞ்சியது கழிவோடு வெளியேறிக் குளத்துச் சேற்றில் போய்ப் படிகிறது.

சேறு என்றால் வெறும் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மீன் வெளியேற்றும் அம்மோனியா நச்சுத்தன்மை உடையது. அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றி நீரைக் காக்கும் நுண்ணுயிர்கள் சேற்றிலும் நீரிலும் வாழ்கின்றன. மருந்துக்கு நண்பன், பகைவன் என்ற பாகுபாடு தெரியாது. மற்றொரு வேடிக்கையும் உண்டு. கெண்டை, திலாப்பியா முதலிய மீன்களின் குடலில் வாழும் சில நுண்ணுயிர்கள் தாமே பி12 உயிர்ச்சத்தை உண்டாக்கித் தருகின்றன. அந்தச் சத்தைத் தேடப் போய்க் கண்ட பழக்கம், அதை உண்டாக்குவோருக்கே ஊறு விளைவிக்கக்கூடும்! கெண்டைகளில் நடந்த சோதனைகளில் ஆக்சிடெட்ராசைக்ளின் நோய் எதிர்ப்புப் பொருள் உண்டாவதைக் குறைத்ததும் அறியப்பட்டுள்ளது.

நோயுற்ற மீனுக்கு மருந்தே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நோயை இன்னதென்று அறிந்து, உரிய அளவில், உரிய நாட்களுக்குக் கொடுப்பது வைத்தியம். ஆனால் அதிலும் ஓர் இடர்ப்பாடு உள்ளது. நோய் கண்ட மீன் முதலில் செய்வது உணவை வெறுப்பதுதான். ஆகவே தீவனத்தில் கலந்த மருந்து, அதை வேண்டாத நல்ல மீன்களின் வயிற்றுக்கே பெரிதும் போய்ச் சேர்கிறது.

இனி இனப்பெருக்கத்துக்கு வருவோம். ஆற்றில் மட்டுமே முட்டையிட்டுவந்த நம் பெருங்கெண்டைகளுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் ஏற்றி, 1957 ஜூலை 10-இல் ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் முட்டையிடச் செய்தார் ஹீராலால் சௌத்ரி. ஆற்றில் குஞ்சு தேடி அலையும் நிலை அதன்பின் மாறத் தொடங்கியது. சினை மீனுக்கு வேண்டியவை நல்ல உணவும் நல்ல நீரும் அச்சுரப்பியின் தூண்டுதலுமே. ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு அங்கே வேலையில்லை. அது நுழைவது அடுத்த கட்டத்தில்: ஒரு சிறு தொட்டியில் இலட்சக்கணக்கான இளம் உயிர்கள் நெருங்கி வாழும் பொரிப்பகத்தில்.

இறால் பொரிப்பகங்களில் இது கொடிய பாடமாயிற்று. விப்ரியோ ஹார்வேயி என்ற நுண்ணுயிர் இறால் குஞ்சுகளைத் தாக்கும்போது, நள்ளிரவில் தொட்டி பசுமை கலந்த ஒளியுடன் மின்னும். பார்க்க அழகு, விடிந்தால் தொட்டியின் அடியில் பிணக்குவியல். நோய் வருமுன்பே காப்பாக மருந்தைத் தொட்டியில் இட்டுவந்த பழக்கத்தினால், மருந்துக்கு அஞ்சாத விப்ரியோக்கள் தோன்றின. அத்தகைய விப்ரியோவினால் நம் நாட்டில் இறால் குஞ்சுகள் கூட்டமாக மடிந்ததை 1994-இல் கருணாசாகர் குழுவினர் எழுதியுள்ளனர்.

இந்த அஞ்சாமை ஒரே இனத்தோடு நிற்பதுமில்லை. ஒரு நுண்ணுயிர் தன் எதிர்ப்புத் திறனை வேறோர் இனத்துக்கு ஒரு பொட்டலம் போலக் கைமாற்றிவிடும் என்பதை ஜப்பானிய அறிஞர்கள் வயிற்றுக்கடுப்புக் கிருமிகளில் 1959-இல் கண்டனர். 1971-இல் அதே நாட்டு மீன் பண்ணைகளிலும் அத்தகைய பொட்டலங்கள் கண்டறியப்பட்டன. மருத்துவமனையில் காய்ச்சலோடு கிடக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்தும் குளத்தில் கொட்டும் மருந்தும் ஒரே குடும்பம் என்பதை நினைத்தால், இதன் பொருள் விளங்கும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை 2006 ஜனவரி முதல் முற்றிலும் தடுத்துவிட்டது.

மருந்தை விட்டால் மீன் வளர்ப்பு நொடித்துவிடும் என்பார் உளர். நார்வே நாட்டின் கதை வேறு. 1987-இல் அந்நாட்டு சால்மன் பண்ணைகள் ஏறக்குறைய 50 டன் ஆன்டிபயாட்டிக்கைச் செலவிட்டன. அன்று விளைந்த சால்மன் சுமார் 50,000 டன். இப்போது விளைவது பத்து இலட்சம் டன்னுக்கும் மேல்; மருந்துச் செலவோ ஆண்டுக்கு ஒரு டன்னை ஒட்டியும் அதற்குக் குறைவாகவும் வந்துவிட்டது. சிலி நாட்டில் வேறொரு நோய்க்கு நல்ல தடுப்பூசி அமையாமையால், 2014-இல்கூட 500 டன்னுக்கு மேல் செலவாயிற்று. நார்வேயில் ஒவ்வொரு குஞ்சையும் மயக்க நீரில் இட்டு, வயிற்றில் தடுப்பூசி போட்டு, அதன் பின்பே கடலில் விடுகிறார்கள். கோடிக்கணக்கான குஞ்சுகளுக்கு, ஒன்று தவறாமல்!

கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்கும் நம் கட்லாவுக்கும் ரோகுவுக்கும் அவ்வளவு செலவு கட்டாது. நம் குடியானவரிடம் பழைய முறை ஒன்று இருக்கிறது. கோடையில் குளத்தை வற்றவிட்டு, அடிமண் வெடிக்கும்வரை வெயிலில் காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, பிறகு நீர் நிரப்பி, குளம் தாங்கும் அளவுக்கு மட்டும் குஞ்சு விடுவது. அந்தக் கடைசி எண்ணிக்கையில்தான் பெரும்பாலும் கை தவறுகிறது.