பழைய லென்ஸும் புதிய கேமராவும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்ன வேணும்னாலும் பேசு, அரசியல் மட்டும் வேண்டாம்"னு செயலாளர் சொல்லிட்டார். அதனால் எங்கள் வீட்டு பீரோவைப் பற்றிப் பேசுகிறேன்.

என் அப்பா சோவியத் தயாரிப்பான ஜெனிட் கேமரா வைத்திருந்தார். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்த அன்று வாசலில் நிறுத்திப் படம் எடுத்தது அதில்தான். லென்ஸ் ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ., எஃப் 2. அப்பா காலமான பின் இருபது வருஷம் அதை நான் தொடவே இல்லை. திறந்து பார்த்தால் ஷட்டர் ஓடவில்லை, லென்ஸில் பூஞ்சை. தப்பு என்னுடையதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருந்தால் தப்பியிருக்கும். ஒரு மெக்கானிக் லென்ஸைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தார். லேசான தழும்பு மட்டும் மிச்சம்.

சரி, இதை டிஜிட்டல் கேமராவில் மாட்ட முடியுமா? முடியும். லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து பிலிம் வரை 45.46 மி.மீ. இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்த லென்ஸ் இது. நடுவே கண்ணாடி எழும்ப இடம் வேண்டுமே! கண்ணாடி இல்லாத சோனி இ மவுன்ட் கேமராவில் அந்தத் தூரம் 18 மி.மீ.தான். மீதி 27 மி.மீ. சொச்சத்தை அடாப்டர் நிரப்பிவிடுகிறது. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் உலோகக் குழாய் அது. நிக்கான் எஃப் மவுன்ட்டிலோ 46.5 மி.மீ.; அந்த ஒரு மில்லிமீட்டரால் தூரத்து மலை தெளிவாக விழாது!

கேமரா மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கலாம்' என்று அனுமதி கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் நம் கைவேலை. முழுசாகத் திறந்து வைத்து, திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, பிறகு வளையத்தைத் திருப்பித் துவாரத்தைச் சுருக்க வேண்டும்.

முதலில் அம்மாவை உட்கார வைத்தேன். இருபது படத்தில் பதினேழு மங்கல். அம்மா தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். நான் வளையத்தைத் திருகிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "உங்கப்பா மாதிரியே நேரம் எடுத்துக்கிறியேடா"ன்னு சிரித்தார். அந்தச் சிரிப்பு விழுந்துவிட்டது. கண் இமை முடிகூட எண்ணலாம். இன்று எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

மாணவர்களே, புது லென்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஓடி ஆடும் குழந்தையைப் பிடிக்க ஆட்டோ ஃபோகஸ்தான் சரி. ஆனால் கடைக்குப் போகுமுன் ஒருமுறை வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். படம் எடுத்தவர் இருக்கும்போதே திறந்தால், எப்படித் திருகணும்னு அவரே சொல்லித் தருவார். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.