மணமும் வடிவமும்: கலப்பு ஊடகக் கலை குறித்துச் சில எண்ணங்கள்



போடிநாயக்கனூருக்கு வந்திறங்கும் வெளியூரார் ஊரை முதலில் கண்ணால் காண்பதில்லை; மூக்கால் அறிகிறார். ஏலக்காய்க் கிட்டங்கிகளின் வாசல்களைக் கடக்கும்போது வருகின்ற அந்த மணம் ஊரின் விலாசம் போன்றது. ஏலம் என்ற ஒரே சொல் இங்கே செடிக்கும் பெயர். விலை கூறி விற்கும் முறைக்கும் பெயர். ஏலத்தை ஏலம் விட்டே வளர்ந்த ஊர் இது. இந்த ஊரில் பிறந்தவர்க்கு அந்த மணம் பழகிப்போய், மணமாகவே தெரியாமல் போய்விடும். பழகிப்போனதை மீண்டும் புதிதாக உணரச் செய்வது கவிதையின் வேலை என்பர். அதே வேலையை, சொல்லின்றி, பொருள்களைக் கொண்டே செய்யும் கலை ஒன்று உண்டு. அதுவே இன்றைய பேச்சின் பொருள்.

கலப்பு ஊடகம் என்னும் பெயர் புதிது, பொருள் புதிதன்று. தஞ்சாவூர்ப் பாணி ஓவியத்தைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பலாப்பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துணியின்மேல் சுண்ணப் பூச்சு, புடைத்தெழும் வேலைப்பாடு, பொன் தகடு, கற்கள், இறுதியில் வண்ணம். இத்தனையும் சேர்ந்ததை நம்மவர் படம் என்றே அழைத்தனர், ஊடகங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஐரோப்பியர் இதைப் புதுமையாகக் கண்டது 1912இல். அவ்வாண்டில் பிக்காசோ நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணித் துண்டைத் தம் ஓவியத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினார். முதல் உலகப் போர் முடிந்தபின் செருமனியில் குர்ட் சுவிட்டர்ஸ் தெருவில் கிடந்த பயணச்சீட்டு, உறை, விளம்பரத் தாள் ஆகியவற்றைப் பொறுக்கி ஒட்டினார். வங்கி ஒன்றின் விளம்பரத்தில் வணிகத்தைக் குறிக்கும் சொல் இருந்தது. அதன் தலையை அறுத்து, எஞ்சிய பாதியையே தம் கலைக்குப் பெயராக்கிக்கொண்டார். ‘மெர்ஸ்’ என்ற அப்பெயருக்கு அகராதியில் பொருள் கிடையாது. வணிகத்தின் சொல்லைக் கத்தரித்துக் கலையின் சொல்லாக்கிய இந்தச் செய்கை, வணிகத்தாலேயே வாழும் ஊரில் இருக்கும் கவிஞர்களுக்குச் சுவையாக இருக்கும்.

தமிழகத்தில் எழுத்தையும் ஓவியத்தையும் கலந்தவர்களுள் முதலில் நினைக்கத் தக்கவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை கலைப்பள்ளியின் தலைவராக விளங்கியவர். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழக் காரணமாக இருந்தவர். மாணவன் ஒருவனின் கணக்குக் குறிப்பேட்டுப் பக்கத்தைக் கண்டதிலிருந்தே ‘சொற்களும் குறிகளும்’ என்ற ஓவிய வரிசை தமக்குத் தோன்றியதாக அவரே குறித்திருக்கிறார். 1963 முதல் அவர் தீட்டிய அந்தப் படங்களில் எழுத்துகள் உள்ளன. ஆனால் படிக்க இயலாது. சாதகக் கட்டம் போன்ற கட்டங்கள் உள்ளன. பலன் கூற இயலாது. வாசிக்கத் தவிக்கும் கண்ணைப் பார்க்கப் பழக்குகின்ற படங்கள் அவை. அப்பள்ளியில் பயின்ற கே.எம். ஆதிமூலம் எதிர்த்திசையில் வந்தார். நூல் அட்டைகளில் தமிழ் எழுத்தையே ஓவியமாக்கினார். சிற்றிதழ் வாசகர் பலர்க்கு அவரை ஓவியராக அறிவதற்கு முன்பே அந்த எழுத்து வடிவம் பழக்கமாகிவிட்டது. காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவிய வரிசை, ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப வரைந்தும் அலுப்பூட்டாதது.

எனினும் ஏலமலையின் அடிவாரத்தில் பேசும்போது தனியே எடுத்துச் சொல்ல வேண்டியவர் வேறொருவர். திருவண்ணாமலையில் 1978இல் பிறந்து, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியமும் அச்சோவியமும் பயின்ற பெனிதா பெர்சியாள். அவர் கையாளும் பொருள்களின் பட்டியல் நாட்டுமருந்துக் கடைச் சீட்டைப் போலிருக்கும்: பறங்கிச் சாம்பிராணி, வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், கரித்தூள், இலவங்கப்பட்டை, கிராம்பு, எலுமிச்சம்புல், தேவதாரு எண்ணெய். இவற்றைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உருவங்களை வார்க்கிறார். பழைய கட்டடங்களிலிருந்து வந்த மரத்தையும் அவற்றோடு சேர்க்கிறார்.

2014 டிசம்பரில் தொடங்கி 2015 மார்ச்சு வரை நடைபெற்ற கொச்சி முசிறிக் கலை விழாவில் அவருடைய படைப்பு ‘விசுவாசத்தின் தீ’ என்று பொருள்படும் தலைப்பில் வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட இடம் கோட்டைக் கொச்சியின் நீர்முகத்தில் நிற்கும் மிளகுக் கிட்டங்கி. கிறித்தவ மரபின் உருவங்கள் அங்கே நறுமணப் பொருள்களால் ஆகி நின்றன. விழாவின் பெயரிலேயே முசிறி உண்டு. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடலில் படித்தவர்க்கு முசிறி ஊர்ப்பெயர் மட்டுமன்று. தோமா என்னும் அடியவர் கி.பி. 52இல் வந்திறங்கியதாக மரபு கூறுவதும் அக்கரையில்தான். சமயமும் சரக்கும் ஒரே கடல்வழியில் வந்தன, போயின. இதனை ஒரு வரலாற்று நூல் நூறு பக்கங்களில் கூறும். பெனிதாவின் உருவங்கள், அருகில் வருவோரின் மூச்சுக்குள் நுழைந்து கூறின. பார்ப்பவர் விலகி நின்று பார்க்கலாம். ஆனால் விலகி நின்று முகர இயலாது. இந்த ஒரு நுட்பத்துக்காகவே அப்படைப்பு நினைவில் நிற்கத் தக்கது.

பிறநாட்டார் இருவரையும் இங்கே குறிப்பிடலாம். பிரேசில் நாட்டு எர்னெஸ்டோ நெட்டோ மிளகு, மஞ்சள், கிராம்பு ஆகியவற்றை மெல்லிய நீள்துணிப் பைகளில் நிரப்பிக் கூடத்தின் உச்சியிலிருந்து தொங்கவிடுகிறார். செருமானியரான உல்ஃப்காங் லைப் மருத்துவம் கற்று, மருத்துவத் தொழிலை விட்டவர். பூந்தாதுக்களைப் பல்லாண்டு தம் கையாலேயே சேகரித்து, 2013இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தின் தரையில் மஞ்சள் கம்பளம்போல் பரப்பினார். மதுரைக்கு அருகே சிற்றூர் ஒன்றில் அவருக்குப் பணிக்கூடம் உண்டு. இங்கிருந்து இரண்டு மூன்று மணிப் பயணம்; எனினும் இவ்வட்டாரத்தில் அவரை அறிந்தோர் மிகக் குறைவு.

இனி, சற்றுக் கசப்பான பகுதி. கண்காட்சிச் சுவரில் படைப்பின் அருகே ஒட்டும் சிறு அட்டையில் ஊடகம் என்ற இடத்தில் ‘இலவங்கம், கிராம்பு, பிசின்’ என்று எழுதுவர். பறித்த கை எழுதப்படுவதில்லை. எண்ணெய் வண்ணத்துக்கு அது பொருந்தலாம். குழலில் அடைபட்டு வந்த வண்ணத்துக்குப் பிறந்த ஊர் தெரியாது. ஏலக்காய்க்கு ஊர் உண்டு, ஆள் உண்டு. விடிவதற்குள் சீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டைத் தாண்டிச் செல்லும் பெண்கள் உண்டு. ஏலச்செடியின் காய்ச்சரம் தலைக்குமேல் தொங்குவதன்று. தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிப் படர்வது. ஆகவே குனிந்துதான் பறிக்க வேண்டும். எல்லாக் காயும் ஒருசேர முற்றாது. முற்றியதை மட்டும் விரலால் தெரிந்து எடுத்து, ஒரே செடிக்கு ஒரு பருவத்தில் பலமுறை திரும்பி வரவேண்டும். பிறகு காய் மலையிறங்கிப் போடிக்கு வருகிறது. இங்கே பாயில் அமர்ந்த பெண்கள் சுளகும் சல்லடையுமாக, பருமன் வேறு, நிறம் வேறு, வெடித்தது வேறு என்று பிரிக்கிறார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கு மதிப்பு. இலைப்பேன் கடித்துச் சொறி படிந்த காய்க்கு மதிப்பில்லை. தோற்றமே விலையாகிறது.

மலைச்சரிவில் கலைப்படைப்பு செய்ய முனையும் இளைஞர் எவரும் முதலில் கையில் எடுக்க வேண்டியது அந்தச் சொறிக்காயைத்தான். முதல்தரக் காயை ஒட்டினால் அது அலங்காரமாகி நின்றுவிடும். கழித்தொதுக்கிய காயையும், கிழிந்த சாக்கையும், எடைச்சீட்டையும் சேர்த்தால் அங்கே ஒரு வாழ்க்கை பேசத் தொடங்கும். போடியை அடுத்த மீனாட்சிபுரத்தில் பிறந்த கவிஞர் நா. காமராசன் 1971இல் ‘கறுப்பு மலர்கள்’ தொகுப்பைத் தந்தபோது செய்ததும் இதனோடு ஒக்கும். கவிதைக்கு ஆகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களையே அவர் கவிதைக்குள் அழைத்தார். ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். வறுமையைப் பலகையில் ஒட்டி விற்பதும் ஒரு வணிகமே. உழைப்பவரின் சாக்கைக் கலைக்கூடத்தில் மாட்டிவிட்டு, அந்த உழைப்பவர் உள்ளே வரக் கூசும் கூடமாக அது இருக்குமானால் பயன் என்ன? பெனிதாவின் படைப்பு கிட்டங்கிக்குள்ளேயே நின்றது என்பதைச் சிறப்பாகச் சொல்வது இதனால்தான்.

கைத்தொழில் அறிவும் இங்கே கலைக்குத் துணை. பறித்த பச்சைக் காயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நீர். ஸ்டோர் எனப்படும் உலர்த்துமனையில் 45 முதல் 55 பாகை வெப்பத்தில் மெதுவாக உலர்த்தி, நீரைப் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவருவர். வெயிலில் காயவைத்தால் பச்சை வெளிறும். ஈரம் மிஞ்சினால் பூசணம் பூக்கும். காத்து வைக்காவிட்டால் வண்டு துளைக்கும். கலப்பு ஊடகக் கலைஞரை அச்சுறுத்துபவை இவையேதாம். துணி ஒருவிதம் சுருங்கும், பலகை ஒருவிதம் சுருங்கும், பசை வேறுவிதம். மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும்போது படம் வெடிக்கிறது. ஸ்டோரில் இரவு முழுதும் விழித்துக் காய் புரட்டுபவரிடம் இதற்கான பாதிப் பாடம் இருக்கிறது. மணத்தின் கணக்கோ வேறு. தோல் உடையாத காயில் மணம் நெடுநாள் தங்கும். பொடித்தால் விரைவில் பறந்துவிடும். பிசின் வகைகள் மணத்தைச் சிறிது சிறிதாகவே விடும். அதனால்தான் போளமும் சாம்பிராணியும் பெனிதாவின் கலவைக்கு அடித்தளமாக அமைந்தன. என்றாலும் ஒருநாள் அம்மணமும் குறையும். குறைந்தபின் எஞ்சுவது அதே சிலைதானா என்ற வினாவுக்குக் கலைக்கூடத்தார் எவரும் தெளிவான விடை கூறியதில்லை.

தனியாள் கண்காட்சிக்கு அணியமாகும் கலைஞரின் நிலை, முதல் தொகுப்பை அச்சுக்குத் தரும் கவிஞரின் நிலையை ஒத்தது. ஒருவகையில் அதனினும் கடினம். குழுக் காட்சியில் பிறர் படைப்பு பக்கத்தில் நின்று காக்கும். தனிக்காட்சியில் நான்கு சுவரும் ஒருவரையே பேசும். ஒரு பலவீனமான படம் ஒன்பது நல்ல படங்களின் குரலை இறக்கிவிடும். எதை நீக்குவது என்பதில்தான் இரவுகள் கழிகின்றன. இதற்குமேல் சட்டம், வண்டிக்கூலி, விவரப்பட்டியல், கூட வாடகை. சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித்கலா அகாதெமிக் கூடத்துக்குத் தேனி மாவட்டத்திலிருந்து பத்துப் பலகைகளைக் கொண்டுபோவதென்றால், மழைக்கும் குலுக்கலுக்கும் தப்பி அவை சேர்வதே ஒரு பேறு. மதுரைக்கும் போடிக்குமான இருப்புப்பாதை அகலமாக்கும் பணிக்காக 2010இறுதியில் மூடப்பட்டு, 2023இல்தான் மீண்டும் தொடர்வண்டி வந்தது. இடைப்பட்ட காலத்தில் இங்கே வளர்ந்த தலைமுறைக்கு நகரம் இன்னும் சற்றுத் தொலைவாகவே இருந்தது.

கூடம் இங்கேயே அமையக்கூடாதா என்று கேட்பவர்க்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். போடி ஜமீன் அரண்மனைச் சுவர்களில் இராமாயணக் காட்சிகளும் அரசவைக் காட்சிகளும் தீட்டப்பட்டுள்ளன. தமிழக அரண்மனை ஓவியங்களை ஆய்வோர் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தோடு சேர்த்து இவற்றையும் எண்ணுவர். இவ்வூரில் சுவரே முதலில் கண்காட்சியாக இருந்தது. இன்று அந்த ஓவியங்களைப் பற்றி இவ்வூர்ப் பள்ளி மாணவரிடம் கேட்டால் எத்தனை பேர் பதில் சொல்வர்? வட்டத்தின் அடுத்த பத்தாண்டில் ஒரு மாலைப்பொழுதேனும் கவியரங்கை அந்த ஓவியங்களின் பெயரால் நடத்தலாம். இன்னொரு மாலையை, காய் பிரிக்கும் வேலை முடிந்த கிட்டங்கி ஒன்றைக் கேட்டுப் பெற்று, இவ்வட்டாரத்து இளையோர் ஒருவரின் படைப்புகளை மூன்று நாள் மாட்டி வைக்கலாம். சுவரில் ஆணி அடிக்க உரிமையாளர் சம்மதித்தால் போதும். பிரித்தெடுக்கும் பெண்கள் காலையில் வேலைக்கு வரும்போது அவர்களே முதல் பார்வையாளர்களாக இருப்பர்; எந்தக் காய் எந்தத் தரம் என்று படத்துக்கு முன் நின்று அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் கலைஞர் குறித்துக்கொள்ள ஒரு குறிப்பேடும் அங்கே இருக்கட்டும்.