சளி இளகட்டும்

நான் லண்டனில் நெஞ்சுநோய் வார்ட்டில் தாதியாக வேலை செய்கிறேன். இன்று சளியைப் பற்றித்தான் பேசப்போகிறேன், முகம் சுளிக்காதேயுங்கோ.

சென்ற மாரிகாலம் எங்கட வார்ட்டுக்கு ஒரு அம்மா வந்தா. எழுபது வயது தாண்டியவ. சிகரெட்டைத் தொட்டதே இல்லை. ஆனால் ஊரில் நாற்பது வருடம் விறகடுப்புப் புகைக்குள் சமைத்தவ. சி.ஓ.பி.டி என்ற நாட்பட்ட நுரையீரல் நோய் அந்தப் புகையாலும் வரும். குடும்ப வைத்தியர் கார்போசிஸ்டீன் குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார். நாலாம் நாள் சளி இன்னும் கூட வருகிறதென்று மகன் அதை நிறுத்திவிட்டு, இருமலை அடக்கும் பாணி மருந்தை வாங்கிக் கொடுத்திருக்கிறார். சளி உள்ளேயே தேங்கி, கிருமி பிடித்து, மூச்சு முட்டி அம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள்.

மகனில் நான் பிழை சொல்லமாட்டேன். அவருக்கு ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. கார்போசிஸ்டீன் இருமலை நிறுத்துகிற மருந்தல்ல. பசைபோல் ஒட்டிய சளியை இளக்கி, இருமி வெளியே எடுக்க வழிசெய்வது. பெரியவர்களுக்கு வழக்கமாக 375 மில்லிகிராம் குளிசை இரண்டு, நாளுக்கு மூன்று தரம். சுகம் கண்டபின் இரண்டு தரம். குடல்புண் இருக்கிறவர்கள் எடுக்கக்கூடாது. மலம் கறுத்தாலோ இரத்தமாக வாந்தி வந்தாலோ குளிசையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அசெற்றைல்சிஸ்டீன் 600 தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, நாளுக்கு ஒன்று. கூழ்முட்டை மணம் அடிக்கும். பழுதாகிவிட்டதென்று எறிந்தவர்களும் உண்டு!

இளகிய சளியை வெளியே எடுக்கவும் வேண்டுமே. நிமிர்ந்து இருத்தி, ஆறுதலாக ஆழ மூச்செடுக்கச் சொல்லி, பிறகு கண்ணாடியில் ஆவி படியவைப்பதுபோல வாயைத் திறந்து 'ஹா' என்று ஊதச் சொல்லுவோம். அம்மா நன்றாகச் செய்தா. ஆனால் சளிக்கோப்பை மட்டும் காலியாகவே இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறா. மற்றத் தாதிமார் சளி இல்லையென்றே எழுதி வைத்திருந்தார்கள்.

இரவு பக்கத்தில் இருந்து தமிழில் கேட்டேன். "துப்பினால் சயரோகம் எண்டு ஒதுக்கிப்போடுவினம் பிள்ளை" என்றா.

சளியின் நிறத்தைப் பார்க்காமல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது அம்மா, ஒருவரும் ஒதுக்கமாட்டினம் என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டேன். விடியப்புறம் கோப்பையை மூடியோடு நீட்டினா. கடும் பச்சை. அதைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் பொருத்தமான அன்ரிபயோட்டிக்கைத் தெரிவுசெய்தார்கள்.