கைம்மையிலிருந்து மீண்டவர்கள்: மன உறுதியா, ஏற்பாடா?

பெண் கல்வியில் அக்கறை கொண்டிருந்த ஒருவரின் நினைவில் பேசுவதால் அதிலிருந்தே பொருளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். பேரிழப்பில் விழுந்தவர்கள் மறுபடி எழுவது எதனால்? மன உறுதியால் என்கிறார்கள் என் துறை நண்பர்கள். வாழ்க்கை வரலாறுகளை அடுக்கி, ஒவ்வொன்றிலும் தளராத உள்ளம் ஒன்றைக் கண்டெடுத்து, அதையே காரணமாக்கிக் கட்டுரையை முடித்துவிடுகிறார்கள். இந்த முடிவை நான் நெடுங்காலமாக மறுத்து வருகிறேன். கருத்தரங்கின் பதினைந்து நிமிடத்தில் அதை விரித்துச் சொல்ல இயலவில்லை, இன்று இயலும். என் கட்சி இதுதான்: தங்க இடமும், உண்ணச் சோறும், படிக்க வகுப்பும், படிப்பின் முடிவில் சம்பளம் தரும் வேலையும் முதலில் வருகின்றன. நம்பிக்கை அவற்றைத் தொடர்ந்து வருகிறது. பிற்பாடு நாம் உறுதி என்று புகழ்வதில் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டின் விளைச்சல்.

சென்னை மாகாணத்துப் பிராமண இளம் விதவைகளின் வரலாற்றைச் சான்றாக வைக்கிறேன். 1856இலேயே மறுமணச் சட்டம் வந்துவிட்டது. 1881 டிசம்பரில் ராஜமகேந்திரவரத்தில் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் ஒரு விதவைக்குத் திருமணம் செய்துவைத்தார். சட்டம் இருந்தது, முன்மாதிரியும் இருந்தது. ஆயினும் தமிழ்நாட்டு அக்ரகாரங்களில் மழித்த தலையும், அரை வயிற்றுச் சோறும், விசேஷ நாட்களில் பின்கட்டுக்குள் ஒதுங்குவதும் தொடர்ந்தன. அந்த அரை நூற்றாண்டுப் பெண்களுக்கு மனத்திட்பம் குறைவு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உறுதியே காரணம் என்று கொண்டால் அப்படித்தான் சொல்லியாக வேண்டும். ஏனெனில் 1912க்குப் பிறகு அதே குடும்பங்களிலிருந்து, அதே கைம்மைக் கோலத்தோடு வந்த சிறுமிகள் பள்ளி உபாத்தியாயினிகளாக வெளியேறத் தொடங்கினார்கள். மனித உள்ளத்தின் வலிமை ஒரு தலைமுறைக்குள் கூடிவிடுவதில்லை. கூடியது வேறொன்று.

அந்த ஆண்டில்தான் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் விதவைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். 1886இல் மயிலாப்பூரில் பிறந்து, சிறு வயதிலேயே மணமாகி, உடனே கணவனை இழந்தவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். மிகச் சில பெண்களோடு தொடங்கிய இல்லம் வளர்ந்து, கடற்கரையில் ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. இதைத் தனியொரு பெண்ணின் வீரக்கதையாகவே நாம் சொல்லி வந்திருக்கிறோம். இல்லம் நடந்த விதத்தைப் பாருங்கள். சமையற்கட்டில் ஆசாரம் காக்கப்பட்டது; அதனால்தான் வைதிகத் தகப்பன்மார் பெண்ணை அனுப்பச் சம்மதித்தார்கள். மறுமணத்தை இல்லம் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருந்தால் வாசலோடு பலர் திரும்பியிருப்பார்கள். படிப்புச் செலவுக்கு அரசின் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அரசு ஏன் கொடுத்தது? பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் வேண்டியிருந்தார்கள். ஆண் ஆசிரியரிடம் பெண்ணை அனுப்ப உயர்சாதிக் குடும்பங்கள் தயங்கின. மணமான பெண்கள் வேலைக்கு வரும் நிலையில் இல்லை. பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் இந்தத் தேவையையும் இளம் விதவைகளின் நிலையையும் சேர்த்துப் பார்த்தார்; சுப்புலட்சுமிக்குத் துணை நின்றார். ஆக, அந்தச் சிறுமி இல்லத்துக்குள் நுழைந்த நாளிலேயே அவளுக்கான வேலை வெளியே காத்திருந்தது. 1914இல் அதே கடற்கரைச் சாலையில் பெண்களுக்கென்று கல்லூரி திறந்தது; பின்னாளில் ராணி மேரி கல்லூரி ஆனது அதுதான். 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது. அதன் முதல்வரும் சுப்புலட்சுமியே. உறைவிடம், பள்ளி, கல்லூரி, ஆசிரியப் பயிற்சி, அரசுச் சம்பளம் என்று ஒன்றின் முடிவில் அடுத்தது நின்றது. நடுவில் எது விடுபட்டிருந்தாலும் அந்தப் பெண் பழைய பின்கட்டுக்கே திரும்பியிருப்பாள், எவ்வளவு உறுதி இருந்தாலும்.

சுப்புலட்சுமியிடம் இருந்தது மன உறுதிதானே என்று உடனே கேட்பீர்கள். இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் பொறியாளர். மகளின் படிப்பை நிறுத்தாதவர். வீட்டில் சித்தி வாலாம்பாள் இருந்தார்; அவரும் இளமையில் கைம்பெண் ஆனவர். பட்டம் பெறாத அந்தச் சித்திதான் பின்னர் இல்லத்தைத் தாங்கிய தூண்களில் ஒருவர். செய்ய ஒரு வேலை, நம்பி வந்த சிறுமிகள் என்று அமைந்த பிறகு அவர் வாழ்வும் மலர்ந்தது. என் கட்சிக்குச் சுப்புலட்சுமியைவிடச் சித்தியே வலுவான சாட்சி. மோனிகா ஃபெல்டன் 1966இல் சுப்புலட்சுமியின் வாழ்க்கையை நூலாக எழுதினார். சித்தியை நடுவில் வைத்து ஒரு நூல் எழுதப்பட வேண்டும்.

இல்லம் பிராமணப் பெண்களுக்கு மட்டுமானது என்ற குறை நியாயமானது, கடுமையானதும்கூட. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு விதவை மறுமணத்தையும் பெண்ணின் சொத்துரிமையையும் எல்லாச் சாதிப் பெண்களுக்குமாகக் கேட்டது. அந்த விரிவு இல்லத்துக்கு இல்லை. ஆனால் இந்தக் குறை என் வாதத்தை வீழ்த்துவதில்லை. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பெண்களும் உறுதி படைத்தவர்களே. அவர்களுக்கு மறுக்கப்பட்டது ஏற்பாடு. ஒரே கூரையின் கீழ் இருந்தும் எல்லோரும் சமமாக முன்னேறவில்லையே என்பது இன்னொரு மறுப்பு. முன்னேறாதவர்களும் இருந்திருப்பார்கள். ஏற்பாடு மட்டுமே போதும் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் முடியாது என்கிறேன். என்னை வருத்துவது மறுபக்கத்தின் விளைவு. எழுந்தவள் உறுதியால் எழுந்தாள் என்றால், எழாதவள் தன் குறையால் விழுந்தாள் என்றாகிவிடும். துயரத்தோடு பழியையும் அவள் தலையில் ஏற்றுகிற இந்தக் கொள்கையை அறிவுத்துறை தாங்கிப் பிடிப்பது தகாது.

நேரம் குறைவு. பண்டித ரமாபாய் 1889இல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனமும், புனே அருகே கார்வே நடத்திய இல்லமும் இதே நோக்கில் ஒப்பிடத்தக்கவை. மதமாற்ற அச்சத்தால் பெற்றோர் பலர் ரமாபாயிடமிருந்து பெண்களை அழைத்துப் போனது, ஏற்பாட்டுக்கு ஊரின் நம்பிக்கை எவ்வளவு தேவை என்பதைக் காட்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் கணவனை இழந்த பெண்களையும், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போரால் விதவையானவர்களையும் இந்தக் கேள்வியோடு அணுக வேண்டும்: யாருக்கு நிலம், யாருக்கு வருமானம், எத்தனை நாளில் கிடைத்தது? ஆலோசனை வகுப்புகளின் எண்ணிக்கையை வைத்து மீட்சியை அளக்கும் பழக்கம் போதாது.

ஆய்வு மாணவர்களுக்குச் சில வேலைகள். இல்லத்துப் பெண்கள் எந்த ஊர்ப் பள்ளிகளில் பணியாற்றினார்கள், சம்பளத்தில் யாரைப் படிக்க வைத்தார்கள் என்பதைத் தொகுக்க வேண்டும். உபகாரச் சம்பளம் பற்றிய கல்வித்துறை ஆணைகளைத் தேடி எடுக்க வேண்டும். இந்த அரங்கில் இருப்பவர்களில் எவர் வீட்டிலாவது அக்கால உபாத்தியாயினி ஒருவரின் கடிதமோ, சான்றிதழோ, கணக்கு நோட்டோ இருந்தால், அதைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாமல் ஒரு படியையாவது எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலோ இந்தத் துறை நூலகத்திலோ சேர்த்துவிடுங்கள்.