பணிவிடை செய்வோரின் களைப்பும் நம் கடமையும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள், மகளிர் – இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் பேசுவோர் சங்கம் ஈட்டிய வெற்றிகளை எடுத்துரைத்தல் மரபு. பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கு நேற்றே இம்மேடையில் வாசிக்கப்பட்டது. செவிலியர் பயிற்சி முடித்த நம் பெண்மக்களின் பெயர்கள் வந்தபோது எழுந்த கைத்தட்டல் இன்னும் நம் செவியில் உள்ளது. அக்கைத்தட்டலுக்கு உரியவர்களுள் ஒருவர் நேற்று இங்கு வரவில்லை, இன்றும் வரவில்லை. அவர் வராத காரணத்திலிருந்தே பேச்சைத் தொடங்குகிறோம்.

அவர் பெயர் இங்கு வேண்டா. நம் உதவித்தொகையால் படித்தவர். நகரத்து மருத்துவமனை ஒன்றில் இரவுப் பணி முடித்துக் காலையில் வீடு திரும்பினால், பக்கவாதத்தால் படுத்துவிட்ட தாயாரைத் துடைத்து, உடை மாற்றி, கஞ்சி புகட்ட வேண்டும். உடன்பிறந்த ஆண்மக்கள் இருவர் இருந்தும் அவ்வேலை அவருடையதாகவே இருந்தது. அதனை எவரும் கேள்வி கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அது முடியுமுன்பே திண்ணையில் நம் காலனி மக்கள் வந்து அமர்ந்திருப்பர். ஒருவருக்கு ஊசி போட வேண்டும். ஒருவருக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும். இன்னொருவர் பெரியாஸ்பத்திரியில் சொல்லிக் கட்டில் வாங்கித் தரும்படி கேட்பார். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு நடந்தது. விடுப்பில் இருந்த ஓர் இரவு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று கதவைத் தட்டினர். கதவு திறக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். குழந்தை நலம் பெற்றது.

ஆயினும் மறுநாள் முதல் பேச்சு எழுந்தது. நாலெழுத்துப் படித்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றனர். நம் செயற்குழுவிலேயே, "சங்கத்துக் காசில் படித்தவருக்கு இத்தனை ஆணவமா?" என்று கேட்கப்பட்டது. கேட்டவர் ஒருவர், வாய்மூடி இருந்தவர் நாம் அனைவரும். அவர் தாயாரை அழைத்துக்கொண்டு நகரத்தில் வாடகை வீட்டிற்குச் சென்றுவிட்டார்.

நெடுநாள் கழித்து அவரைக் காணச் சென்றபோதுதான் உண்மை தெரிந்தது. பல மாதங்களாக உறக்கமில்லை. பணியில் ஒருநாள் மருந்தை மாற்றி எடுத்து, ஊசியில் ஏற்றுமுன் சீட்டைப் பார்த்துத் திடுக்கிட்டு நிறுத்தியிருக்கிறார். அன்றுமுதல் தம் கையையே நம்ப அஞ்சினார். கதவு தட்டப்பட்ட இரவில் அவர் விழித்தே இருந்தார். "எழுந்து வரக் கால் வரவில்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இந்நிலைக்கு மருத்துவ உலகில் ஒரு பெயர் உண்டு. 1974-இல் நியூயார்க் நகரத்து உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர், ஏழை எளியோர்க்கான இலவச மருத்துவமனையில் உடன் உழைத்தவர்களிடம் இதனைக் கண்டு, 'பர்ன் அவுட்' எனப் பெயரிட்டு எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல் எனலாம். பகலெல்லாம் தம் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் அம்மருத்துவமனையில் உழைத்த அவரே இதற்கு ஆளானவர். பின்னர் கலிபோர்னியாவில் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் பேராசிரியை இதனை விரிவாக ஆராய்ந்து, 1981-இல் சூசன் ஜாக்சன் என்பவருடன் சேர்ந்து இதை அளந்தறியும் வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். 2019-இல் உலக சுகாதார நிறுவனம், இது நோயன்று, பணியிடத்தில் தீராது நீடிக்கும் நெருக்கடியின் விளைவு என வரையறுத்தது.

இதன் அடையாளங்கள் மூன்று. முதலாவது, உறங்கி எழுந்தாலும் தீராத களைப்பு. மூன்றாவது, எவ்வளவு செய்தும் ஒன்றும் செய்யவில்லை என்னும் எண்ணம். இடையில் உள்ளதே பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. அது மனம் விலகிப் போதல். நோயாளியை மனிதராகப் பாராமல் கட்டில் எண்ணாகப் பார்த்தல். கேட்ட கேள்விக்கு வள்ளென்று விழுதல். அரசு மருத்துவமனைக்குச் சென்று திட்டு வாங்காதவர் நம்முள் எவர்? நாமும் அதனைக் குணக்கேடு என்றே கொண்டோம். குணக்கேடும் உலகில் உண்டு; அதனை மறுக்கவில்லை. ஆனால் ஒரு காலத்தில் கனிந்து பேசிய செவிலியர் கடுகடுப்பாக மாறினால், அங்கு எரிந்து தீர்ந்தது என்னவென்று கேட்க வேண்டும். இதயமில்லாதவர்க்கு இது வருவதில்லை. அள்ளிக் கொடுத்தவர்க்கே வருகிறது.

நம் மக்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சுமை உண்டு. மருத்துவமனையில் மலச்சட்டி எடுப்பவர், தரை கழுவுபவர், பிணவறையில் நிற்பவர் எந்தத் தெருக்களிலிருந்து வருகின்றனர் என்பதை நாம் அறிவோம். செவிலியராகவே சென்றாலும், "எந்த ஊர், எந்தத் தெரு?" என்னும் கேள்விக்கு விடையை எண்ணி எண்ணிச் சொல்ல வேண்டியுள்ளது. எட்டு மணி நேர வேலையோடு எட்டு மணி நேர எச்சரிக்கையும் சேர்கிறது. இது எந்தப் பணிப்பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இதன்மேல் வேலை நிலையாமை வேறு. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட செவிலியர், பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகள் தெருவில் நின்று போராட நேர்ந்ததை நாம் கண்டோம்.

தியாகம் பற்றியும் ஒரு சொல். அன்னை சாவித்திரிபாய் பூலே 1897-இல் புனே நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது, நோயுற்ற தாழ்த்தப்பட்ட சிறுவன் ஒருவனைத் தம் தோளில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். அந்நோய் தம்மையும் பற்ற, மார்ச் 10-ஆம் நாள் மறைந்தார். அவர் படத்திற்கு நாம் மாலையிடுகிறோம், இடவேண்டும். ஆனால் அது நாட்டைக் கொள்ளைநோய் சூழ்ந்த காலத்தில் ஒருவர் தாமே தேர்ந்த வழி. அதனையே அளவுகோலாகக் கொண்டு, மாதச் சம்பளத்திற்கு உழைக்கும் ஒரு பெண்ணிடம் நாள்தோறும் உயிரைக் கேட்பது எவ்வகை நியாயம்?

நேரம் காலமின்றிக் கூப்பிட்ட குரலுக்கு ஓடுதல் என்பது நம் முன்னோர்மேல் சுமத்தப்பட்ட வேலை. சாவுச்செய்தி சொல்ல ஓடினர், பறையடிக்க ஓடினர், பண்ணைக்கு ஓடினர். முன்பணம் கொடுத்து ஆளை உடைமையாக்கும் கொத்தடிமை முறை 1976-இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. "சங்கத்துக் காசில் படித்தவர்" என்று நம் செயற்குழுவில் எழுந்த சொல்லை அச்சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், வெட்கமாக இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். 1946-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, வாரத்திற்கு 54 மணியாயிருந்த வேலை நேரம் 48 ஆகக் குறைந்தது. உழைப்பவர்க்கு ஓய்வு உரிமை என்பது நம் தலைவர் பாடுபட்டுப் பெற்றுத்தந்த பாடம். அவரோ தமக்கு அவ்வோய்வைக் கொடுத்தாரில்லை. நீரிழிவு வருத்த, கால்வலி வருத்த, இரவெல்லாம் எழுதினார். 1948-இல் அவரை மணந்து, இறுதிவரை உடனிருந்து பேணியவர் மருத்துவர் சவிதா அம்மையார். 1956 டிசம்பர் 6-இல் அண்ணல் மறைந்தபின், பேணிய அவர்மீதே பழி சொன்னவர்கள் நம் இயக்கத்திலேயே இருந்தனர். நெடுங்காலம் அவர் ஒதுங்கி வாழ்ந்தார். கசப்பான செய்திதான், எனினும் பேணுவோரை நாம் நடத்தும் முறையைப் பற்றிப் பேசுகையில் இதனை மறைப்பதற்கில்லை.

வீட்டில் பேணுவோர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை பணியிடத்திற்கு மட்டுமே உரியது. படுத்த மாமியாரைப் பத்தாண்டு தூக்கிக் கிடத்தும் மருமகள் அதில் இடம்பெறார். அவர்க்குச் சம்பளமில்லை, விடுப்பில்லை, பெயருமில்லை. இடுப்புவலி மட்டும் உண்டு.

இனி, செய்யத்தக்கவை. பணிவிடை செய்யும் சகோதரிகளே, சகோதரர்களே! இரவுப் பணி முடித்தபின் சன்னலை மூடி இருட்டாக்கி உறங்குங்கள். அவ்வேளையில் கைப்பேசி அணைந்திருக்கட்டும். நின்றுகொண்டே விழுங்குவது உணவாகாது, உட்கார்ந்து உண்ணுங்கள். இறந்த நோயாளியைப் பற்றி உடன் பணியாற்றும் ஒருவரிடமேனும் பேசுங்கள். லண்டனில் மைக்கேல் பாலிந்து என்னும் மருத்துவர் 1950-களில், மருத்துவர்களைச் சிறு குழுவாகக் கூட்டி, தம்மை வருத்தும் நோயாளிகளைப் பற்றி மனந்திறந்து பேசச் செய்தார். அம்முறை பல நாடுகளில் இன்றும் உள்ளது. உறக்கமின்மையும் வெறுமையும் வாரக்கணக்கில் நீடித்தால், உயிர்வாழ்வே வெறுத்தால், நாள் கடத்தாது மருத்துவரிடம் செல்லுங்கள். பிறர்க்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கும் நீங்கள் உங்கள் இரத்த அழுத்தத்தைக் கடைசியாகப் பார்த்தது என்று?

ஆனால் சுமையை இறக்காமல், சுமப்பவரிடம் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொல்லுதல் கேலிக்கு ஒப்பாகும். கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு மருத்துவச் சங்கம் ஒன்று தோன்றியது. பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் பொதுமக்களே பயிற்சி பெற்று, படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்கு முறைவைத்துச் சென்றனர். செவிலியர் செய்வது ஒரு பங்கு. குளிப்பாட்டல், உடன் அமர்தல், மருந்து வாங்கி வருதல் ஆகியவற்றை அண்டை வீட்டார் ஏற்றனர். பெரும் செல்வர்கள் செய்ததன்று. கடைக்காரரும் மாணவரும் கூலித் தொழிலாளரும் செய்தது.

நம் காலனியில் படுக்கையில் கிடப்போர் இன்று பதினோரு பேர். இளைஞர் மன்றத்தார் கேரம் பலகையைச் சுற்றிச் செலவிடும் மாலைகளில் வாரத்திற்கு ஒன்றைக் கொடுத்தால், அப்பதினோரு வீட்டுப் பெண்களும் வாரத்தில் ஒருநாள் வெளியே செல்லலாம். ஆண்பிள்ளைகள் அதற்கு வரவேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். தாயின் முதுகைத் துடைக்கக் கூசும் கை, தலைவர் படத்திற்கு மாலையிட மட்டும் எப்படி நீளும்? ஊசிக்கும் சர்க்கரைக்கும் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் சங்கக் கட்டிடத்தில் ஏற்பாடு செய்ய எண்ணியுள்ளோம். அதன்பின் எந்தச் செவிலியர் வீட்டுக் கதவையும் எவரும் தட்டலாகாது. அவசரமென்றால் 108-ஐ அழைக்க வேண்டும்.

நகரத்தில் இருக்கும் அச்சகோதரிக்குச் செயற்குழு ஒரு கடிதம் எழுதியுள்ளது. அதில் மன்னிப்புக் கேட்டுள்ளோமேயன்றித் திரும்பி வரும்படி கேட்கவில்லை. முறைவைத்துச் செல்ல விரும்புவோர் பெயரெழுத, வாயிலில் நோட்டுப் புத்தகம் ஒன்று வைக்கப்பட்டுள்ளது. முதற்பக்கத்தில் செயற்குழுவினர் எழுவரின் பெயர்கள் உள்ளன.