கரை என்னும் சொல்



காஞ்சிப் பட்டுப் புடவையில் பூ எங்கே, புள் எங்கே என்று தேடுவார்க்கு நெசவாளர் காட்டுவது முழு மயிலன்று, மயிற்கண். முழுக் குயிலன்று; குயிற்கண். மலர்ந்த மல்லிகையன்று, மல்லிமொக்கு. பாவும் ஊடையும் நேர்க்குறுக்காகவே செல்வன. வளைவை இழையிழையாகப் படிகட்டித்தான் காட்டல் வேண்டும். ஆதலின் உயிரின் நெளிவையெல்லாம் விடுத்து, அதன் அடையாளம் எதுவோ அதனை மட்டும் எடுத்தனர். கண்டதைக் கண்டவாறு படியெடுப்பதினும் இஃது அரிய வேலை.

கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓடும். ஒருவர் போதார், கரைப்பக்க நாடாவை எறிய மற்றொருவர் அருகிருத்தல் வேண்டும். இரு நிறமும் கூடுமிடத்தில் கூர்கூராய் எழுவதே தாழம்பூ. பிணைக்க வேண்டிய நெருக்கடியே அங்குத் தாழைமடலாக மலர்ந்தது எனலாம். (உருத்திராக்கக் கோலமும் உண்டு, அதனை அக்குமணி என்றால் எவர்க்கும் இழுக்கில்லை.)

பூவேலை நம்மிடையே நேற்றுத் தோன்றியதன்று. பொருநராற்றுப்படையில் கரிகாற்பெருவளத்தான் பொருநனுக்கு ஈந்த அறுவை, இழை சென்ற வழியைக் கண்ணால் அறியவொண்ணா நுண்மையும் பூத்தொழிலும் உடையது, பாம்புரி போன்றது. முல்லைக்கலியின் ஆயர்மகள் உடுத்தது பூங்கரை அமைந்த நீல ஆடை. கரை! அன்று புலவர் நாவிலிருந்த அதே சொல் இன்றும் தறிக்குழியில் வழங்குகின்றது.

கடைத்தெருவிலோ கரை 'பார்டர்' ஆயிற்று. உடல் 'பாடி' ஆயிற்று. முன்றானை 'பல்லு' ஆயிற்று. பூ 'புட்டா' ஆயிற்று. விற்பவரும் தமிழர், வாங்குபவரும் தமிழர். இடையில் நிற்கும் சொல் மட்டும் அயல்! "துணி ஒன்றுதானே, பெயர் எதுவானால் என்ன?" என்பார் உளர். குயிற்கண் வேண்டும் என்று கேட்பார் உள்ளவரைதான் குயிற்கண் நெய்யப்படும். 'புட்டா' என்று பொதுப்படக் கேட்டால் எதையேனும் இட்டு நிரப்புவர். மயிற்கண்ணுக்கும் குயிற்கண்ணுக்கும் உள்ள வேறுபாடு முதலில் வாங்குவார்க்கு மறக்கும், பின் விற்பார்க்கு, இறுதியில் நெய்வார்க்கே மறந்துபோம்.

பிரெஞ்சு நாட்டுச் சாக்கார்டு 1804-இல் ஆக்கிய துளையட்டைப் பொறி நம் தறிமேல் ஏறியதைக் குறைகூற வேண்டா. அது நெசவாளரின் உழைப்பைக் குறைத்தது. ஆனால் அட்டையில் எந்தக் கோலத்தைத் துளைப்பது என்பதை முடிவு செய்பவர் வாங்குவாரே.

திருமணத்திற்குப் புடவை எடுக்கச் செல்லும் தாய்மார், கரை என்ன கரை, கண் எந்தக் கண் என்று தமிழிலேயே கேளுங்கள். விடையறியாத கடைக்காரர் நெசவாளரைக் கேட்டேனும் வந்து சொல்வார்.